மிதிவண்டிக்கு மோட்டார்: வாங்குவதற்கு முன் அளந்தவை

தஞ்சாவூரில் என் வீட்டில் இருந்து திருவையாற்றில் நான் வேலை பார்க்கும் இடத்துக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். கரந்தையைத் தாண்டி, பள்ளியக்கிரகாரம், கண்டியூர் வழியாகச் செல்லும் அந்தச் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். மற்றபடி தரை சமமானது. பாலங்களில் ஏறும் சிறு ஏற்றங்களைத் தவிர மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. குளிர்காலக் காலைகளில் மிதிவண்டியில் போய்வருவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை வெயிலிலும், ஆனி, ஆடியில் எதிர்க்காற்றிலும் வீடு திரும்புவதுதான் இந்த வயதில் கடினமாகிவிட்டது. அதனால் மிதிவண்டிக்கு ஒரு மோட்டார் பொருத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, கடந்த சில மாதங்களாகப் படித்தும் அளந்தும் கேட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்பியிருக்கிறேன். இன்னும் மோட்டார் வாங்கவில்லை. வாங்குவதற்கு முன்பே இவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதை, என்னைப் போல முதன்முறையாக இதில் இறங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் என் மனம் போனது பெட்ரோல் எஞ்சின் பக்கம்தான். மிதிவண்டியில் எஞ்சினைக் கட்டி ஓட்டும் ஆசை மிகப் பழையது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஓராண்டில், 1946இல், ஜப்பானின் ஹமமத்சு நகரத்தில் சோய்ச்சிரோ ஹோண்டா, ராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டு மிஞ்சிக் கிடந்த சிறு எஞ்சின்களை வாங்கி மிதிவண்டிகளில் பொருத்தி விற்றார். இன்றைய ஹோண்டா நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். நம் ஊரில் 1980இல் ஓசூரில் இருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 வண்டியும், பெடலோடு கூடிய மொபெட் என்ற வகையில், அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால், இணையத்தில் விற்கப்படும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கிட்டுகளைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது.

ஆனால் அந்தக் கிட்டுகளைப் பற்றிப் படிக்கப் படிக்க ஆசை அடங்கிவிட்டது. 80 சிசி என்று விற்கப்படும் எஞ்சின்களில் பலவற்றின் உண்மையான கொள்ளளவு 66 சிசி அளவுதான். பின்சக்கரத்தில் இடப்பக்கம் வரும் கூடுதல் பல்சக்கரம், சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்பில் நேராகப் பிடிக்காமல், ரப்பர் வளையங்களுக்கு இடையே போக்ஸ் கம்பிகளை நசுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்; அது சிறிது கோணினாலும் செயின் கழன்று சக்கரத்துக்குள் சிக்கும். அதிர்வில் நட்டுகள் தளரும், ஆயில் கலந்த பெட்ரோலின் புகை ஓட்டுபவருக்குப் பின்னால் வருபவர் முகத்தில் அடிக்கும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், நான்குக்கும் குறைவான சக்கரங்கள் உள்ள வண்டியில் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சின் இருந்தால் மட்டுமே அதை மோட்டார் வாகனம் என்ற வரையறையில் இருந்து விலக்குகிறது. 66 சிசி எஞ்சின் கட்டிய மிதிவண்டி, பதிவெண்ணும் காப்பீடும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படும் ஒரு மோட்டார் வாகனம். வீட்டில் கட்டியதை அப்படிப் பதிவு செய்வது நடக்கிற காரியம் அல்ல. அந்தப் பக்கத்தை அத்துடன் மூடிவிட்டேன்.

மின்மோட்டாருக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் வேறு ஓர் இடம் தருகின்றன. மோட்டாரின் 30 நிமிடத் திறன் (தொடர்ந்து அரை மணி நேரம் தரக்கூடிய திறன்) 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும், பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்கு மிகாமலும், தகுந்த பிரேக்குகளும் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு ஒளித்திருப்பிகளும் (ரிஃப்ளெக்டர்) பொருத்தப்பட்டும் இருந்தால், அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பெடலை மிதிக்கும்போது மட்டும் உதவும் வகையாக இருந்தால், வேகம் கூடக்கூட மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து 25 கிலோமீட்டரில் நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும். இந்த நிபந்தனைகள் நிறைவேறியிருப்பதைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற, விதிகளில் குறிப்பிடப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று உறுதி செய்ய வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 250 வாட் என்று மோட்டாரின் மேல் எழுதியிருப்பது ஒன்றே போதாது. ஆகவே சான்று பெற்றதாகச் சொல்லி விற்கப்படும் கிட் எதுவானாலும், எந்த நிறுவனம், எந்த வடிவத்துக்கு அந்தச் சான்றைத் தந்தது என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். 500 வாட், 1000 வாட் மோட்டார்களை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

250 வாட் போதுமா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் எடை 72 கிலோ. மிதிவண்டி, மோட்டார், பேட்டரி, பை எல்லாம் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 100 கிலோ. காற்று வீசாத சமதரையில், நிமிர்ந்து உட்கார்ந்து, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்குச் சக்கரத்தில் தேவைப்படுவது 180 வாட் அளவே. அதில் மூன்றில் இரண்டு பங்கு காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால் அதே 25 கிலோமீட்டர் வேகத்துக்குத் தேவை 350 வாட்டைத் தாண்டிவிடுகிறது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில், மாலையில் திருவையாற்றில் இருந்து தெற்கு நோக்கித் திரும்பும்போது அந்தக் காற்று சாய்வாக என் முகத்தில்தான் அடிக்கும். அப்போது வேகத்தை 18 கிலோமீட்டருக்குக் குறைத்துக்கொண்டு, நானும் மிதிக்க வேண்டும். மோட்டார் எனக்குத் துணையாக இருந்தால் போதும் என்ற எண்ணத்தோடு பார்த்தால் 250 வாட் தாராளம்.

மோட்டாரை எந்த மிதிவண்டியில் பொருத்துவது என்பதில்தான் நான் மிகவும் தடுமாறினேன். வீட்டில் அப்பாவின் ஹெர்குலிஸ் இருக்கிறது. அம்பத்தூரில் செய்யப்பட்ட, 28 அங்குலச் சக்கரமும் பெரிய பாரும் அகன்ற கேரியரும் கொண்ட, நெல்மூட்டை சுமந்த வண்டி. அதற்கு உயிர் கொடுப்பதாக நினைத்துக்கொண்டுதான் இந்த வேலையையே தொடங்கினேன். வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த முதல் நாளே சிக்கல் தெரிந்துவிட்டது. அந்த வகை மிதிவண்டியில் முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருக்கும். கடைகளில் கிடைக்கும், சக்கரத்தின் ஹப்பாகவே அமைந்த ஹப் மோட்டார்களோ பெரும்பாலும் 36 துளைகள் கொண்டவை. ஆகவே பழைய ரிம் எதுவும் பயன்படாது. 28 அங்குலத்தில் 36 துளை ரிம்மைத் தேடிக் கண்டுபிடித்தாலும், அதைவிடப் பெரிய தடை பிரேக்குதான். ஹேண்டில்பாரில் இருந்து இரும்புக் கம்பி வழியாக இழுபட்டு, ரிம்மின் உட்புறத்தைக் கீழிருந்து தொடும் அந்த ராடு பிரேக், அப்பா ஓட்டிய வேகத்துக்குப் போதுமானது. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் அது பிடிக்கவே நேரமாகும்.

வேகம் 15இல் இருந்து 25 கிலோமீட்டராக ஆனால், நிறுத்துவதற்கு அழிக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதோடு மோட்டாரும் பேட்டரியுமாக ஏழெட்டு கிலோ எடை கூடுகிறது. கண்டியூர் கடைத்தெருவில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் என்ன ஆகும் என்று ஒரு முறை எண்ணிப் பார்த்த பிறகு, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த மோட்டார் விவரங்களை அடித்துவிட்டு, அங்கே பிரேக் என்று எழுதினேன். அப்பாவிடம் சொன்னபோது, "அது அப்படியே இருக்கட்டும்பா, அதுக்கு வயசாயிடுச்சு" என்றார். அந்த வண்டிக்கு எண்ணெய் போட்டு, புதிய டயர் மாட்டி, காலையில் பால் வாங்கப் போவதற்கு வைத்துக்கொள்கிறேன்.

மோட்டாருக்காகத் தேர்ந்தெடுத்திருப்பது, ஏழு ஆண்டுகளுக்கு முன் வாங்கி அதிகம் ஓட்டாத, 26 அங்குலச் சக்கரமும் இரும்புச் சட்டமும் (ஃபிரேம்) உடைய கியர் மிதிவண்டி. இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக் இருக்கிறது. சட்டத்தில் விரிசலோ துருவோ இருக்கிறதா என்று பெயின்ட் உரிந்த இடங்களையும் வெல்டிங் இணைப்புகளையும் விளக்கு வைத்துப் பார்த்தேன். டிஸ்க் பிரேக்கின் பழைய கேபிள்களையும் தேய்ந்த பேடுகளையும் மாற்றி, ஸ்டியரிங் பேரிங்கில் கிரீஸ் வைத்து, மோட்டார் இல்லாமலே ஒரு மாதம் திருவையாற்றுக்குப் போய்வரப் போகிறேன். அந்த ஒரு மாதத்தில் எது தளர்கிறது, எது சத்தம் போடுகிறது என்பது தெரிந்துவிடும். மோட்டாரைப் பொருத்திய பிறகு ஒரு சத்தம் கேட்டால், அது பழைய நோயா புதிய நோயா என்று திகைக்க வேண்டியிருக்காது.

மோட்டாரை முன்சக்கரத்தில் வைப்பதா பின்சக்கரத்திலா என்பதற்கும் மிதிவண்டியே விடை சொல்லிவிட்டது. முன்சக்கரத்தில் பொருத்துவது எளிது. கியர், செயின் எதையும் தொட வேண்டாம். ஆனால் என் வண்டியின் முன்பக்கம் சஸ்பென்ஷன் ஃபோர்க், அதன் அடிமுனை வார்ப்பு உலோகத்தால் ஆனது. ஹப் மோட்டாரின் அச்சு சுற்றாது, வெளிக்கூடுதான் சுற்றும். கூட்டை முன்னோக்கிச் சுற்றும் அதே முறுக்கு விசையோடு அச்சு பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். அந்த அச்சைப் பிடித்து நிறுத்துவது, அதன் இருபுறமும் 10 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தட்டையாகச் சீவப்பட்ட பகுதிகள் ஃபோர்க்கின் பிளவில் உட்கார்ந்திருப்பது மட்டுமே. அவ்வளவு சிறிய அகலத்தில், புறப்படும் ஒவ்வொரு முறையும் சில நூறு கிலோ எடைக்கு நிகரான விசை அந்தப் பிளவின் விளிம்புகளை விரிக்க முயல்கிறது. வார்ப்பு உலோகம் வளையாமல் திடீரென்று உடையும் தன்மை உடையது. ஓடும்போது முன்சக்கரம் கழன்றால் தப்பிப்பது அரிது. எனவே பின்சக்கரம்தான், அங்கேயும், இரும்புச் சட்டம் என்ற தைரியத்தில் விட்டுவிடாமல், அச்சையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கும் டார்க் ஆர்ம் என்ற எஃகுப் பட்டையைக் கட்டாயம் பொருத்துவேன். கிட்டோடு இது வராத கடைகளும் உண்டு, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பின்பக்கம் என்று முடிவானதும் அளக்க வேண்டியவை கூடிவிட்டன. சட்டத்தின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள அகலம் என் வண்டியில் 135 மில்லிமீட்டர். பின்சக்கர ஹப் மோட்டார்களுக்கு வழக்கமாகத் தேவைப்படும் அளவும் அதுதான். என் வண்டியில் இருப்பது ஹப்பின் மரையில் திருகும் ஃப்ரீவீல் என்ற பல்சக்கரத் தொகுதி. மோட்டாரும் அந்த மரை உள்ளதாக இருக்க வேண்டும், பல்சக்கரங்களை மரையில் திருகாமல் செருகும் கேசட் வகை ஹப்புக்கான மோட்டாரை வாங்கிவிட்டால் பல்சக்கரத் தொகுதியையே மாற்ற நேரிடும். மோட்டாரின் மூடியில் டிஸ்க் பொருத்த ஆறு துளைகள் இருக்கின்றனவா, அப்படிப் பொருத்தினால் டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் மோட்டாரின் வயிற்றில் உரசாமல் இருக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஹப் மோட்டாரில் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று இரண்டு வகை. கியர் இல்லாதது பெரியது, கனமானது, தேய்வதற்கு உள்ளே அதிகம் இல்லாதது. ஆனால் பேட்டரி தீர்ந்த பிறகு மிதித்தால் அதன் காந்தங்கள் பின்னால் இழுக்கும். கியர் உள்ளதில் நைலான் பல்சக்கரங்கள் நாளடைவில் தேயும். ஆனால் உள்ளேயே ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஃப்ரீவீல் ஒன்று இருப்பதால் மோட்டார் நின்றாலும் வண்டி தடையின்றி உருளும். வெட்டாற்றுப் பாலத்தில் பேட்டரி தீர்ந்தாலும் மிதித்தே வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் நான் கியர் உள்ளதையே தேர்ந்தெடுக்கிறேன். அடுத்து, கடைக்காரரிடம் மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்க வேண்டும். என் 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.07 மீட்டர் போகிறது. 25 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 200 சுற்று. 20 அங்குலச் சக்கரத்துக்காகச் சுற்றப்பட்ட மோட்டாரை இதில் போட்டால் வேகம் வரம்பை மீறும், ஏற்றத்தில் இழுவை குறையும்.

பேட்டரிக்குத்தான் மொத்தச் செலவில் ஏறத்தாழ பாதி போகப் போகிறது, அதனால் அதில் அவசரப்படவில்லை. எதிர்க்காற்றையும் மோட்டாரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 12 வாட் மணி (ஒரு வாட் திறன் ஒரு மணி நேரத்தில் செலவழிக்கும் ஆற்றலே ஒரு வாட் மணி) என்று வைத்துக்கொண்டால், போய்வர 26 கிலோமீட்டருக்கு 312 வாட் மணி. 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரியில் 360 வாட் மணி இருக்கிறது. புதிதாக இருக்கும்போது போதும், ஆனால் சில ஆண்டுகளில் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் 288தான் மிஞ்சும், வீடு வந்து சேராது. ஆகவே வயதான பிறகும் போதுமான அளவு எது என்று பார்த்து, 460 வாட் மணி என்று முடிவு செய்தேன்.

அதை வழக்கமான லித்தியம் அயனியில் வாங்குவதா, லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. முதலாவது இலேசானது. இரண்டாவது அதே ஆற்றலுக்கு ஒன்றரைக் கிலோ போலக் கூடுதல் எடை, ஆனால் வெப்பத்தை நன்றாகத் தாங்கும், கூடுதலான முறை சார்ஜ் செய்யலாம், பழுதானாலும் தீப்பற்றும் வாய்ப்பு குறைவு. வேலை செய்யும் இடத்தில் வண்டி நிற்பது தகரக் கொட்டகையின் கீழ் என்பதால், நான் எடையைச் சுமக்கச் சம்மதித்து இரண்டாவதையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். இதில் கவனிக்க வேண்டியது சார்ஜர். பத்து செல்கள் வரிசையாக உள்ள லித்தியம் அயனி பேட்டரி முழுமையாக ஏறும்போது 42 வோல்ட். 12 செல்கள் வரிசையாக உள்ள பாஸ்பேட் பேட்டரி 43.8 வோல்ட். இரண்டையும் பேச்சு வழக்கில் 36 வோல்ட் என்றே சொல்வார்கள். ஒன்றின் சார்ஜரை மற்றொன்றில் போடக் கூடாது. உள்ளே பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புச் சுற்று இருந்தாலும், தவறான சார்ஜருக்கு அதுவே முதல் தடுப்பாக இருக்கும்படி விடுவது சரியல்ல. வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜில் போடாமல் ஒரு மணி நேரம் ஆறவிடுவது, தூங்கும்போது சார்ஜ் செய்யாமல் இருப்பது, வாசலை மறித்து வைக்காமல் இருப்பது ஆகியவற்றையும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. பேட்டரியைக் கேரியரில் வைத்தால் பின்சக்கரத்தில் மோட்டார், பேட்டரி இரண்டின் எடையும் சேர்ந்து முன்சக்கரம் இலேசாகிவிடும் என்பதால், தண்ணீர் பாட்டில் மாட்டும் கீழ்க்குழாயில் பொருத்துவதற்கான துளைகளை அளந்து வைத்திருக்கிறேன்.

வயரிங் எனக்குப் பழக்கமானது, அதனால் இங்கே சுருக்கமாகவே முடித்துவிடலாம். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் 15 ஆம்பியர், பேட்டரிக்கு மிக அருகில் 20 ஆம்பியர் ஃப்யூஸ், பிரேக்கைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சுள்ள பிரேக் லீவர்கள் இரண்டு பக்கமும். மோட்டாரில் இருந்து வரும் வயர் அச்சின் வழியாக வெளியேறும் இடத்தில் கீழே தொங்கும் ஒரு வளைவு விட்டுக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டே மோட்டாருக்குள் இறங்கிவிடும். ஐப்பசி மழையில் இந்த ஒரு வளைவு மோட்டாரைக் காப்பாற்றும்.

சக்கரம் கோக்கும் வேலையை மட்டும் நானே செய்யப் போவதில்லை. வடக்கு வீதியில் முப்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் என் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மோட்டார் வந்ததும் எங்கிட்ட கொண்டா தம்பி, கம்பி அளவு நான் எடுத்துக்கிறேன். கோத்து ஒரு வாரம் ஓட்டினப்புறம் மறுபடி கொண்டா, அப்போ ஒரு தடவை கோட்டம் எடுக்கணும்" என்றார். மோட்டாரின் வட்டம் பெரிது என்பதால் கம்பிகள் குட்டையாகவும் சாய்வாகவும் போகும், புதிதில் தளரும் என்பதை அவர் கேட்காமலே சொன்னார். நான் நோட்டில் குறித்திருந்த கம்பியின் தடிமனைப் பார்த்து, அதைவிட ஒரு சுற்று மெல்லியதே போதும், ரொம்பத் தடித்த கம்பி இறுக்கம் வாங்காமல் ரிம்மைத்தான் இழுக்கும் என்று திருத்தியும் கொடுத்தார்.

நேற்று அவருடைய கடையிலேயே முன், பின் இரண்டுக்குமான பிரேக் பேடுகளும் கேபிள்களும் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றை மாட்டிவிட்டு, திங்கட்கிழமை முதல் அந்த ஒரு மாதக் கணக்கைத் தொடங்குகிறேன்.